கிணற்றுக்குப் போன இன்ஜின்

மெக்கானிக் பாய் காரின் பானெட்டைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஒரு பெட்டைக் கோழி கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தது. மனிதர் துள்ளிப் பின்னால் போய்விட்டார். கோழி ஷெட்டைத் தாண்டி ஓடி, தென்னை மரத்தடியில் நின்றுகொண்டு எங்கள் எல்லோரையும் திட்டித் தீர்த்தது. பாய் மெதுவாகத் திரும்பி வந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். வைக்கோலும் சணல் நாரும் சேர்த்து அது வசதியாகச் செய்துவைத்திருந்த கூட்டில் முட்டைகள் இருந்தன. அவற்றைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை. பழைய கார்களைப் பிழைக்கவைப்பவர் என்று கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில் பெயரெடுத்த அந்த மனிதர், என் மாமனாரைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு, “முதலாளி, இன்ஜின் எங்கீங்க?” என்று கேட்டார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அது கோபியில இருக்குதுங்க பாய்.”

“வண்டி பீளமேட்டுல, இன்ஜின் கோபியிலீங்களா?”

“ஆமாங்க. பாகம் பிரிச்சப்ப அப்பிடி ஆயிப்போச்சு.”

பாய் என்னைப் பார்த்தார். ஏதாவது விளையாட்டா என்று அவர் கண் கேட்டது. நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றேன். மாமனாரின் எதிரில் மருமகள் சிரிக்கலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சலுகை எனக்கு இருந்தது. மாமியார் காலமான பிறகு, ஊர் ஊராகச் சுற்றும் வேலையில் இருந்த என் கணவர் வீட்டில் தங்கிய நாட்களைவிட நானும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடித்த நாட்கள்தான் அதிகம். அவர் என்னை அம்மணி என்பார். நான் அவரைச் சீண்டாத நாளில் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிப்பார்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயரைச் சொன்னால் பீற்றிக்கொள்வதாகிவிடும். நீளமான இங்கிலாந்துக் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, ஊருக்குக் கப்பல் ஏறும்போது அதை மாமாவின் அப்பாவிடம் விட்டுப்போனார். முன்னால் டிரைவருக்கு ஒரு சீட்டு, பின்னால் முதலாளிக்கு சோபா கணக்கில் ஒரு சீட்டு, இரண்டுக்கும் நடுவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி. பின்னால் பேசுவது டிரைவரின் காதில் விழக்கூடாது என்று துரைமார் செய்துகொண்ட ஏற்பாடு அது. எங்கள் வீட்டில் அந்தக் கண்ணாடி ஒருநாளும் ஏறியதில்லையாம். ஆண்டவன் கொடுத்த வாயை வைத்துக்கொண்டு டிரைவரோடு பேசாமல் எப்படி ஊர் போய்ச் சேருவது என்பாராம் மாமாவின் அப்பா. பெரிய சீட்டுக்கு எதிரே, வேண்டும்போது இழுத்து விரிக்கும் இரண்டு குட்டி இருக்கைகள் உண்டு. சிறு வயதில் ஒன்றில் மாமாவும் மற்றதில் அவருடைய அக்காவும் அப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்து போவார்கள்.

அந்த அக்காதான் கோபி அத்தை. முறைப்படி பார்த்தால் எனக்கு அவர் பெரியம்மா. ஆனால் என் கணவர் அத்தை அத்தை என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அத்தையாகிவிட்டார். கோபிசெட்டிபாளையத்தில் வாழையும் தென்னையுமாக இருந்த ஒரு பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். மாமாவைவிடச் சில வயது மூத்தவர். தம்பியைத் தூக்கி வளர்த்ததில் தன் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு காலத்தில்.

பாகப் பேச்சு நடந்தபோது நான் இந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை. ஆனால் ஒறம்பரையில், அதாவது விருந்தாளியாக வந்துபோகும் எங்கள் சொந்தபந்தத்தில், யாரைக் கேட்டாலும் கதையை ஒரே மாதிரிதான் சொல்வார்கள். அப்பா போன பிறகு பெரியவர்கள் கூடி, மில்லையும் நிலத்தையும் பேசி முடித்துவிட்டு, வழக்கத்துக்காக மகளிடமும் ஒரு வார்த்தை கேட்டார்கள். உனக்கு என்ன வேணும் அம்மணி? இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரே பதில்தான். “எனக்கொண்ணும் வேண்டாமுங்க, பொறந்தூடு நல்லா இருந்தாப் போதும்.” பிறந்த வீட்டை வாழ்த்திப் பெண் அதைச் சொல்லுவாள், பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், சேலை வைத்துக் கொடுப்பார்கள், இலை போட்டுவிடுவார்கள். அத்தை அதைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “அந்தக் காருல பாதி என்றதா இருக்கட்டுங்க” என்றார். என்றது என்றால் எங்கள் பேச்சில் என்னுடையது.

மாமாவுக்கு அந்தக் கார் என்றால் உயிர். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எதற்கு என்றாவது கேட்டிருக்கலாம். எங்கள் ஊர் மரியாதை விடுமா? “பாதி எதுக்குங்கக்கா, முழுசையும் எடுத்துக்குங்க” என்றார். எழுத்தில் பார்த்தால் எவ்வளவு தாராளம்! ஆனால் எடுத்துக்குங்க என்பதை எந்தக் குரலில் சொன்னால் இனி இந்தப் பக்கம் வராதே என்று பொருள் என்பது இந்த மண்ணில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அத்தையின் வீட்டுக்காரர் ரோஷக்காரர். அவரும் மரியாதையில் குறைவைக்கவில்லை. “முழுசு வேண்டாமுங்க மச்சான். அவ கேட்டது பாதிதான, பாதியே போதும்” என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டு, சீக்கிரமே ஆட்களோடு வந்து இன்ஜினை மட்டும் கழற்றி, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்ததும், கனமாக இருக்கிறதே என்று ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டதும் மாமாதான். இதைவிடச் சிரிப்பான கதையும் இதைவிட வயிற்றெரிச்சலான கதையும் நான் கேட்டதில்லை.

இன்ஜின் கோபியில் கிணற்றடிக்குப் போயிற்று. பம்போடு அதைச் சேர்த்துக் கட்டி, பெட்ரோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். துரை அதைக் கேட்டிருந்தால் கடலில் குதித்திருப்பார். நான் பம்பு மோட்டார் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரிவில் வேலை பார்ப்பவள். எத்தனையோ வகை பம்புகளைப் பற்றி எத்தனையோ விவசாயிகளிடம் பேசியிருக்கிறேன். அப்படிப்பட்ட ராஜபோகமான பம்பு செட்டை எந்தப் பட்டியலிலும் பார்த்ததில்லை. இங்கே பீளமேட்டில் கார் செங்கல் மேல் ஏறி நின்றது. ஷெட்டைச் சுற்றி மில் போய், ஹாஸ்டல்கள் வந்து, ஐ.டி. அலுவலகம் வந்தது. கார் மட்டும் அப்படியே நின்றது.

அக்காவும் தம்பியும் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒருநாளும் போடவில்லை. எந்தக் கல்யாணத்திலும் எந்த இழவிலும் ஒருவரை ஒருவர் பார்த்தால் வாங்க என்பார்கள், சௌக்கியங்களா என்பார்கள். டேய், வாடா என்று கூப்பிட்டுப் பழகிய அக்கா, “தம்பி சாப்பிட்டீங்களா?” என்று கேட்பார். மாமா, “ஆச்சுங்க, நீங்க?” என்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது. வீட்டுக்கு வந்ததும் மாமா அன்று பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிப்பார். நான் அதை நேராக்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு குடும்பத்தில் மரியாதை கூடக் கூட எப்படிப் பாசம் தட்டுக்கெட்டுப் போகும் என்பதை அந்த இரண்டு பேரிடம்தான் பார்த்தேன்.

நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் மாமா காரைக் கையில் எடுத்தார். டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். இவர் பாயை வரவழைத்தார். நான் முறைத்தபோது, “என்னமோ அம்மணி, ஒரு தடவ ஓட்டிப் பாத்துப்போட்டுத்தான் போகோணும்” என்றார். எங்கே போக என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபிக்கு என்று சொல்லியிருப்பாரோ, வேறெங்காவது சொல்லியிருப்பாரோ. எனக்குப் பயமாக இருந்தது.

வேலை நடந்ததைப் பார்க்க எனக்குப் பிடித்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கதவுகளுக்கு உள்ளே மரச்சட்டம் இருந்தது. கறையான் அதை மாவாக்கியிருந்தது. பழைய தேக்கை இழைத்துப் புதுச்சட்டம் போட்டார்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, மணல் மூட்டை மேல் புதுத் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி வளைவு கொண்டுவந்தார் பாய். மாமா முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த மட்கார்டின் வளைவு இன்னும் கொஞ்சம் சாய்வாக இருந்தது என்பார். போட்டோவில் அப்படி இல்லையே என்பார் பாய். “போட்டோ எடுத்தவன் சாஞ்சு நின்னிருப்பானுங்க” என்பார் மாமா. இரண்டு பேரும் காப்பி வரும்வரை வாதாடுவார்கள். பெயின்டைச் சுரண்டச் சுரண்டக் கறுப்புக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே கருநீலம் வந்தது. கருநீலத்தைப் பார்த்ததும் மாமா, “இதுதானுங்க, எங்கக்கா கல்யாணத்துக்கு முன்னால இருந்த கலரு” என்றார். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுபோல் முக்காலியை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார்.

கார் கருநீலமாயிற்று. தோல் சீட்டு வந்தது. விளக்குகள் எரிந்தன. முன்னால் பானெட்டைத் தூக்கினால் இப்போது கோழியும் இல்லை. என் கணவர் போனில், ஏதாவது ஜீப் இன்ஜினை வாங்கி மாட்டினால் ஆயிற்று என்றார். மாமா போனை என்னிடம் நீட்டிவிட்டார். பாயும் ஒருநாள் பொறுக்க முடியாமல் பேசினார். “இத்தன பளபளப்பும் நின்ன எடத்துல நிக்கறதுக்குங்களா முதலாளி? நான் வேண்ணா கோபிக்குப் போயிக் கேட்டுப் பாக்கட்டுங்களா?” மாமா அவசரமாக, “வேண்டாமுங்க, வேண்டாமுங்க” என்றார். “குடுக்கோணும்னு இருந்தா அவிய குடுத்தனுப்பட்டும்.” ஒரு மனுஷர் இருதயத்தில் கம்பி வைத்துக்கொண்டு, இத்தனை வீம்பையும் எங்கேதான் வைத்திருந்தாரோ.

அந்த வாரம் எனக்குக் கோபியில் ஒரு டீலரைப் பார்க்க வேண்டியிருந்தது. காலையில் கிளம்பும்போது மாமா வாசலுக்கு வந்தார். கோபிக்கா போகிறாய் என்றார். ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் மழை பெய்ததாமா என்றார். தெரியாது என்றேன். செருப்பைத் தேடுவதுபோல் சற்று நேரம் நின்றுவிட்டு, “போறது போறே, அங்க நம்ம சொந்தத்துல யாரு கெணத்துலயாச்சும் தண்ணி இருக்குதான்னு பாத்துட்டு வா” என்றார். கோபியில் எங்களுக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரே வீடு, ஒரே கிணறு. “பாத்துட்டு வாரேனுங்க மாமா” என்று சொல்லிவிட்டு வண்டியேறினேன்.

அத்தை என்னை வாசலில் வைத்தே வாங்க வாங்க என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் அவருடைய வீட்டுக்காரர் காலமாகியிருந்தார். மகன் பெங்களூரில். பண்ணையாட்களோடு அவர் மட்டும் அங்கே இருந்தார். அரிசிம்பருப்புச் சாதம் வடித்து, நெய்யை என் இலையில் கவிழ்த்து, போதும் என்று நான் சொன்ன பிறகு இரண்டு முறை வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் கிணறு பார்க்கவேண்டும் என்றேன். அத்தை என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். “கெணத்தப் பாக்கத்தான் வந்தியா அம்மணி? வா.”

மோட்டார் ரூமில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது கரண்ட் மோட்டார். அதன் பக்கத்தில், சாக்கு போர்த்தி, எண்ணெய் துடைத்து, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்த மாதிரி முன்பக்கம் பொட்டு வைக்கப்பட்டு, எங்கள் கார் இன்ஜின் நின்றது. நான் தொழில் புத்தியில், கரண்ட் போனால் இதை ஓட்டுவீர்களா என்று கேட்டேன். “போனாலும் ஓட்டுவேன், போகாட்டியும் ஓட்டுவேன்” என்றார் அத்தை. பிறகு அந்தச் சாக்கைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல், தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“எங்கய்யன் என்னையப் பாக்க வந்தா அந்த வண்டியிலதான் வருவாங்க. வாய்க்கா மேட்டுல திரும்பறப்பவே இந்தச் சத்தம் கேட்டுரும். அடுப்புல எது இருந்தாலும் எறக்கி வெச்சுப்போட்டு வாசலுக்கு ஓடிருவேன். அய்யன் போனதுக்கப்பறம் அந்தச் சத்தம் நின்னு போச்சு. தம்பி மில்லு மில்லுன்னு கெடந்தான். வண்டியில பாதி என்றதுன்னு ஆயிட்டா, அதச் சாக்கு வெச்சாவது அதுல ஏறி என்னையப் பாக்க வருவான்னு நெனச்சேன். எனக்கெதுக்கு அம்மணி காரு? எனக்கு ஓட்டத் தெரியுமா? அது வாசலுக்கு வரோணும், அவ்வளவுதான்.”

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“அத்தன பேரு மத்தியில, வந்து என்னையப் பாருன்னு வாய் விட்டுக் கேக்க முடியுமா? கேட்டு வந்தா அது வாரதாகுமா? எங்கூட்டுக்காரரும் ரோஷத்துல இதக் கழட்டிட்டு வந்துட்டாங்க. நானே வண்டிய வர முடியாமப் பண்ணிப்போட்டேன்.” அத்தை சாக்கின் ஓரத்தைக் கல்லுக்கு அடியில் செருகினார். “மனசு என்னமோ பண்ணுச்சுன்னா ஆளக் கூப்புட்டு இதச் சித்தெ ஓடவிடச் சொல்லுவேன். சொல்லிப்போட்டு வாசல்ல போயி உக்காந்துக்குவேன்.”

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அழுதேன். அவிநாசி தாண்டிய பிறகு, இவ்வளவு அழுதால் எப்படி மாமாவிடம் போய்ச் சொல்வது என்று வண்டியை ஓரங்கட்டி முகம் கழுவிக்கொண்டேன். மாமா கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றார். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை சொன்னதை அத்தை சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். எழுந்து ஷெட்டுக்குப் போனார். சற்று நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, காரின் பின்பக்கம் அந்தக் குட்டி இருக்கைகளில் ஒன்றை விரித்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் நனைந்திருந்தது. “வந்திருப்பேனே அம்மணி” என்றார். “ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருப்பேனே.” கேட்டு வந்தால் அது வருவதாகாது என்று அத்தை சொன்னதை அவருக்கு மறுபடி ஞாபகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிக்கச் சொன்னார். என் வண்டியில் போகலாம் என்றேன். “அவிய வண்டி இல்லாமத்தான இருந்தாங்க. நானும் பஸ்ஸுலயே போறேன்” என்றார். பஸ்ஸில் ஏறிப் பல காலம் ஆகிவிட்ட மனிதர். டிக்கெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோபி போய்ச் சேரும்வரை கையிலேயே பிடித்திருந்தார். நானும் கூடப் போனேன்.

அங்கே போயும் என்ன? வாங்க என்றார் அக்கா. வாரமுங்க என்றார் தம்பி. உக்காருங்க, இருக்கட்டுங்க, தண்ணி குடிங்க, குடிக்கறமுங்க. எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. கடைசியில் மாமாவே எழுந்து மோட்டார் ரூம் பக்கம் நடந்தார். அத்தை பின்னால் போனார். மாமா சாக்கை விலக்கி, இன்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

“அக்கா, இத மாட்டிப்போட்டேன்னா உங்களப் பாக்க வாரேனுங்க.”

“மாட்டாட்டி வரமாட்டியாடா?” என்றார் அத்தை.

அவ்வளவுதான். மாமா அந்த இன்ஜின் மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். அத்தை அவர் முதுகில் பட்டென்று ஓர் அடி வைத்தார். பிறகு அதே இடத்தைத் தடவிக்கொடுத்தார். நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் நிறைய இருந்தது.

இன்ஜின் மினி லாரியில் கோயமுத்தூர் வந்தது. இந்த ஊரில் வார்த்துக் கொடுக்க முடியாத பொருள் என்று ஒன்று உண்டா என்ன? பிஸ்டனைச் செய்து கொடுக்க ஒரு பட்டறை, சிலிண்டரைக் கடைந்து கொடுக்க ஒரு லேத், விரிசலை அடைக்க ஒரு பவுண்டரி. மண்ணெண்ணெய் குடித்துக் குடித்து உள்ளே கட்டியாகியிருந்த கரியைப் பாய் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். முதன்முறை அது உறுமியபோது பக்கத்து ஹாஸ்டல் பிள்ளைகள் மதில் மேல் ஏறிச் செல்போனில் படம் பிடித்தார்கள். பாய் கைகளை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார். மாமா என்னைக் கூப்பிட்டு, “கேட்டியா அம்மணி, இதான் அந்தச் சத்தம்” என்றார். அத்தைக்குப் போன் போட்டுக் கேட்கவைக்கலாமா என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். வாய்க்கால் மேட்டிலிருந்துதான் அக்கா கேட்க வேண்டுமாம்.

அப்படியே கேட்டார். அவிநாசிவரை மாமா ஓட்டினார், மூச்சு வாங்கியதும் நான் ஓட்டினேன். வாய்க்கால் வந்ததும் என்னை இறக்கிவிட்டு மறுபடி அவரே உட்கார்ந்துகொண்டார். திருப்பத்தில் திரும்பும்போதே அத்தை பாதையில் நின்றுகொண்டிருந்தார். கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் நான் ஓட்ட, அவர்கள் இருவரும் பின்னால் ஏறி, பெரிய சீட்டில் உட்காராமல் குட்டி இருக்கைகளை விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். அப்பாவின் சீட்டு காலியாக வந்தது. நடுக்கண்ணாடி இறங்கியே இருந்ததால் அவர்கள் பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது. வாழைக்குலைக்குக் காற்றடித்தது பற்றியும், சர்க்கரை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பது பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு மாமாவுக்கு அதிக காலம் கிடைக்கவில்லை. கிடைத்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோபி என்றிருந்தார். ஒரு விடிகாலை, காப்பிக்கு வரவில்லையே என்று போய்ப் பார்த்தபோது தூக்கத்திலேயே போயிருந்தார். நான் சீண்டினால் எழுந்துவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அத்தையை அவருடைய பேரன் தன் காரில் கொண்டுவந்து இறக்கினான். அப்போதே அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது, எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, “எம் பொறந்தூட்டுக் கதவு சாத்திக்கிச்சே” என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். எல்லா இழவிலும் அக்கா தங்கைகள் சொல்லி அழுகிற வரிதான் அது. அன்று எனக்கு அது நெஞ்சில் தைத்தது. அந்த வீட்டில் இருந்தவள் நான்தானே. கதவைச் சாத்துவதும் திறப்பதும் இனி யார் கையில் இருந்தது?

இனி யார் ஓட்டுவது, எங்காவது கண்காட்சிக்குக் கொடுத்துவிடலாம் என்றார் என் கணவர். யோசிப்போம் என்றேன். எனக்குப் பிறந்த ஊர் உடுமலைப்பேட்டை. பொங்கலுக்கு முன்னால் என் அண்ணன் பைக்கில் கரும்பைக் கட்டிக்கொண்டு, சீர்ப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவான். வந்து அரைமணி நேரம்கூட உட்காரமாட்டான். ஆனால் அந்த அரைமணிக்காக நான் மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த முறையும் அவன் வந்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சேலையும் பச்சரிசியும் வெல்லமும் மஞ்சள் கொத்தும் கரும்பும் எடுத்துக் காரின் பின்சீட்டில் வைத்தேன். அந்த நீளக் காரைத் தனியாக நான் அவ்வளவு தூரம் ஓட்டியதில்லை. அவிநாசி சாலையில் லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதைக்கா பயத்துக்கா என்று தெரியவில்லை.

வாய்க்கால் மேட்டில் திரும்பினேன். பாதையில் யாரும் இல்லை. மெதுவாக, இன்னும் மெதுவாக ஓட்டினேன். யாரும் வரவில்லை. வீட்டு வாசலில் அத்தை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கார் அவருக்குப் பத்தடி பின்னால் உறுமிக்கொண்டு நின்றது. அவர் ஒரு மொச்சையை உரித்துப் போட்டார், இன்னொன்றை எடுத்தார். அவருக்குக் கேட்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை பேர் இத்தனை பாடுபட்டு மீட்டுக்கொண்டுவந்த சத்தம் அது.

களத்திலிருந்து வந்த வேலைக்காரம்மா அத்தையின் தோளைத் தட்டிக் கையைக் காட்டினாள். அத்தை திரும்பினார். முறம் மடியிலிருந்து நழுவியது. எழுந்து, ஒவ்வோர் அடியாக வந்து, கண்ணாடி வழியே முன்சீட்டில் யார் என்று உற்றுப் பார்த்தார். தம்பி இல்லை, நான்தான். முன்பக்கம் போய், மட்கார்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தார். இன்ஜினின் நடுக்கம் அவர் கையில் ஏறி வளையல்களில் தெரிந்தது. நான் இறங்குவதற்காகச் சாவியில் கையை வைத்தேன்.

“அணைச்சுப்போடாத அம்மணி. சித்தெ நேரம் ஓடட்டும்.”

வேலைக்காரம்மா, “ஏனுங்கம்மா, ஒறம்பரை வந்திருக்காங்களாட்ட?” என்று சத்தமாகக் கேட்டாள்.

“ஒறம்பரை இல்ல” என்றார் அத்தை, காது மந்தமானவர்கள் பேசுவதுபோல் தெருவுக்கே கேட்கிற குரலில். “என்ற பொறந்தூட்டுல இருந்து வந்திருக்காங்க.”

கைகளை அவர் எடுக்கவில்லை. பெட்ரோல் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் அணைக்கவில்லை.